மூடியைத் திறந்து செபித்தேன்

இதை எழுத மூன்று வருடமாகத் தயங்கினேன். செபத்தைக் குறை சொல்வதாக யாராவது நினைத்துவிடுவார்களோ என்ற பயம்தான்.

நாங்கள் கீரனூர்ப் பக்கம். அடைக்கு உட்கார்ந்த மறுநாளே என் கோழியை நாய் கடித்துக் கொன்றுவிட்டது. என் அம்மா கொடுத்த கோழியின் வழியில் மிஞ்சியது அதன் பதினொரு முட்டைகள்தான். நாத்தனாரிடம் இன்குபேட்டரை இரவல் வாங்கி, அவற்றை அதில் வைத்தேன்.

"பதினெட்டு நாளுக்கு மேல மூடியத் தொறக்காதீங்க அண்ணி. ஈரம் போயிரும்," என்று அவள் சொல்லியிருந்தாள்.

இருபதாம் நாள் ஒரு முட்டையில் கீறல் விட்டு, உள்ளே குஞ்சு கத்தியது. கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றது. எனக்கு மனசு தாங்கவில்லை. மூடியைத் திறந்து, ஒவ்வொரு முட்டையிலும் சிலுவை போட்டு, மாதாவை வேண்டி ஒரு அருள்நிறை மந்திரம் சொன்னேன். மாலைக்குள் மூன்று முறை அப்படிச் செய்தேன்.

மறுநாள் இரண்டு குஞ்சுகள்தான் வெளியே வந்தன. மற்றவை ஓட்டுக்குள் ஜவ்வு காய்ந்து ஒட்டிப்போய்ச் செத்துக் கிடந்தன. நாத்தனார் வந்து பார்த்தாள்.

"மூடியில கண்ணாடி இருக்குல்ல அண்ணி. மாதாவுக்கு அது வழியாத் தெரியாதா?"

ஒன்பதையும் நானே புதைத்தேன்.

பிழைத்த இரண்டில் ஒன்று பெட்டை. அதன் முட்டைகளைத்தான் இப்போது வைக்கிறேன். பதினெட்டாம் நாள் தண்ணீர் ஊற்றி மூடியதும் மூடிமேல் செபமாலையை வைத்துவிடுவேன். அதை எடுத்தால்தான் திறக்க முடியும். எடுக்க மனம் வராது.

கோழி வளர்ப்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள். செபத்தை விட்டுவிட்டு மூடியை மட்டும் சொல்லாதீர்கள். நடந்ததை நடந்தபடியே சொல்லுங்கள்.