இன்னொரு நாளைக்குப் பாக்கலாம்

இன்று சேலத்துக் கடையில் ஒரு பெண் ஜூஸரில் கேரட் பிழிந்து காட்டிய இரைச்சலில், தொண்ணூறுகளில் நாங்கள் இருந்த மலைக்கிராமம் வெள்ளக்கடையும் பக்கத்து வீட்டுச் செல்லம்மா அத்தையும் நினைவுக்கு வந்துவிட்டார்கள். எஸ்டேட்டில் காப்பிப்பழம் பறித்த கையோடு எங்கள் வீட்டுக்கு வந்து, டிவியில் பொருள் விற்கும் சேனலைப் பார்ப்பார் அத்தை. அதில் வரும் பெண் "இன்றே வாங்குங்கள்" என்று சிரிக்கும்போதெல்லாம், பதில் பேசாமலிருப்பது மரியாதையில்லை என்று, "இன்னைக்கு வேண்டாஞ் சாமி, இன்னொரு நாளைக்குப் பாக்கலாம்" என்பார்.

ஒருநாள் அந்தச் சேனலை மூடிவிட்டார்கள்; திரையில் வெறும் புள்ளிகள் இரைந்தன.

"தெனமும் கேட்டுச்சே அந்தப் புள்ள. ஒரு நாளாச்சும் சரீன்னு சொல்லியிருக்கலாமுங்க," என்றார் அத்தை, அம்மாவிடம்.

எங்கள் வீட்டில் கேரட் ஜூஸை யாரும் குடிப்பதில்லை. இருந்தும் இன்று ஜூஸர் பெட்டியோடு பஸ் ஏறினேன்.