வேன் அக்காவின் நான்கு கோடுகள்

முதல் நாள் அவர் வகுப்புக்குள் நுழைந்ததும் நாங்கள் எல்லோரும் எழுந்து நின்றோம். புது விரிவுரையாளர் என்று நினைப்பு. முப்பத்தேழு வயது இருக்கும். தோளில் கைப்பை, கையில் சாப்பாட்டுக் கூடை, மூக்கு நுனியில் கண்ணாடி. அவர் நேராக வந்து என் பெஞ்சில் உட்கார்ந்து, "கொஞ்சம் தள்ளிக்கோ தம்பி" என்றார். நின்றவர்களெல்லாம் அசடு வழிய உட்கார்ந்தோம்.

பதினோரு வருடம் பள்ளிக்கூட வேன் ஓட்டியவர். வேனைக் கணவரிடம் ஒப்படைத்துவிட்டு, பந்தயக் கார் பொறியியல் படிக்க வந்திருந்தார். பெயர் சொல்லிக் கூப்பிட எங்களுக்கு வாய் வரவில்லை. ஒரே வாரத்தில் வேன் அக்கா ஆகிவிட்டார். அவர் கணவர் எங்களுக்கு மாமா. சாயங்காலம் பிள்ளைகளை வீடு சேர்த்துவிட்டு அதே வேனில் மாமா அக்காவை அழைத்துப் போக வருவார். பேருந்து நிலையம் வரை நாங்களும் தொற்றிக்கொள்வோம். சின்னப் பிள்ளைகளுக்கான இருக்கைகளில் முழங்கால் முகவாயில் இடிக்க, வருங்காலப் பொறியாளர்கள் பத்துப் பேர் வரிசையாகப் போகிற அழகைத் தெருவே வேடிக்கை பார்க்கும்.

கணக்குதான் அக்காவுக்குத் தண்ணி காட்டியது. பள்ளி இறுதி வகுப்பில் படிக்கும் மகள் வீட்டில் சொல்லிக்கொடுத்தாள். "எங்க வீட்டு டீச்சர் ரொம்பக் கண்டிப்பு. ஒரு கணக்கு தப்பாப் போட்டாலும் டிவி கிடையாதுன்னுட்டா" என்று எங்களிடம் அழாத குறையாகச் சொல்வார். ஆனால் கையில் ஸ்பேனர் வந்துவிட்டால் அவரிடம் எங்கள் பாச்சா பலிக்காது. ஒரு போல்ட்டைத் திருகும்போதே அது எத்தனை சுற்றில் நிற்கும் என்று சொல்லிவிடுவார்.

மாணவர்களே சொந்தமாகக் கார் கட்டிப் போட்டிக்குக் கொண்டுபோவது எங்கள் படிப்பில் ஒரு பகுதி. மூன்றாம் ஆண்டில் குழு பிரித்தார்கள். என்ஜினுக்குக் கூட்டம் அலைமோதியது. பிரேக்குக்கு ஒரே ஒரு கை உயர்ந்தது, அக்காவுடையது. "ஓடுற வண்டி தானா ஓடும். நிக்கிறதுக்குத்தான் ஆள் வேணும்" என்றார். ஓட்டுநராக என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். அன்றிலிருந்து என் கால் தரையில் படவில்லை என்பதை நானே ஒப்புக்கொள்கிறேன். கண்ணாடியைப் பார்த்து ஹெல்மெட் கழற்றிப் பழகிய ஆள் நான்.

அந்தத் தலைக்கனத்தை அக்கா கார் நிறுத்துமிடத்தில் வைத்துத் தட்டி இறக்கினார். அங்கேதான், மேல் வகுப்புக்காரர்கள் விட்டுப்போன பழைய காரில் எங்களுக்குப் பயிற்சி. கூம்புகளுக்கு நடுவே வளைந்து வளைந்து ஓட்டுவேன். அக்கா ஓரமாகக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார். பிரேக்கை ஒரு இம்மி கூடுதலாக மிதித்துச் சக்கரம் சுற்றாமல் இறுகிவிட்டால் போதும், 'கிரீச்' என்று சத்தம் வரும். உடனே கை உயரும். வண்டி நிற்க வேண்டும், நான் இறங்க வேண்டும், தேய்ந்து தட்டையான டயரைத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

"இது என்ன?"

"டயர்க்கா."

"தெரியுதில்ல? அப்புறம் ஏன் அழிப்பான் மாதிரி தேய்க்கிறே? சக்கரம் இறுகுற மாதிரி இருந்தா காலை லேசா விடு. மறுபடி சத்தம் கேட்டுச்சு, உன்னை அந்தக் கூம்புக்குப் பதிலா நிக்க வச்சிருவேன்."

ஒன்றரை வருடம் இதே பாட்டு. கடைசியில் யோசிக்காமலே என் கால் தானாக மேலே வர ஆரம்பித்தது. அக்காவுக்குப் பெருமை பிடிபடவில்லை. வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "இவன் காலு தங்கம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இறுதியாண்டில் போட்டிக்குப் போனோம். நாற்பத்திரண்டு கல்லூரிகள், நாற்பத்திரண்டு கார்கள். ஓட்டவிடுவதற்கு முன்னால் காருக்கு ஏகப்பட்ட சோதனை. கடைசியாகப் பிரேக் சோதனை. நேர்ப்பாதையில் வேகமாக வந்து, கொடி இருக்கும் இடத்தில் பிரேக்கை ஓங்கி மிதிக்க வேண்டும். நான்கு சக்கரமும் ஒரே சமயத்தில் இறுகிச் சறுக்கி, ரோட்டில் நான்கு கறுப்புக் கோடு விழ வேண்டும். ஒன்று குறைந்தாலும் மறுநாள் பந்தயத்தில் இடமில்லை. எத்தனை முறை வேண்டுமானாலும் முயலலாம், ஆனால் ஐந்து மணிக்கு வாசலை மூடிவிடுவார்கள்.

மதியம் இரண்டு மணிக்கு முதல் முயற்சி. முன்பக்கம் இரண்டு கோடு. பின்பக்கம் ஒன்றுமில்லை. ஆய்வாளர் தலையை ஆட்டிவிட்டார்.

அக்கா நான்கு சக்கரத்தையும் கழற்றி, குழாய்களில் காற்று சிக்கியிருக்குமோ என்று பிரேக் எண்ணெயை வழியவிட்டுப் பார்த்தார். இரண்டாவது முயற்சி, அதே இரண்டு கோடு. பின் சக்கரங்களுக்கு அழுத்தம் கூட்டினார். மூன்றாவது, அதே கதை. மணி நாலாகிவிட்டது. எங்கள் குழுத் தலைவி பொறுமை இழந்தாள்.

"ரெண்டு வருஷமா இதைத்தான் பண்ணிட்டிருந்தீங்களாக்கா?"

அக்கா கைத்துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். வண்டி ஓடாவிட்டால் கீழ் வகுப்புக்காரர்கள் அடுத்த வருடம் வருவார்கள். எங்களுக்கும் வேறு எங்காவது வாய்ப்புக் கிடைக்கும். ஆனால் அந்தப் பிரேக் முழுக்க முழுக்க அக்காவே கணக்குப் போட்டு, வரைந்து, வார்த்துச் செய்தது. அது வேலை செய்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ள அவருக்கு இருந்தது அந்த ஒரு மணி நேரம்தான்.

காரில் பிரேக் அழுத்தத்தைப் பதிவுசெய்யும் கருவி ஒன்று உண்டு. அக்கா லேப்டாப்பைத் திறந்து மூன்று முயற்சிகளின் வரைபடங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டார். மூன்றிலும் கோடு விறுவிறுவென்று ஏறி, ஒரே இடத்தில் தொப்பென்று இறங்கியது. அக்கா என்னைப் பார்த்தார்.

"முழுசாத்தான் மிதிச்சேன்க்கா. சத்தியமா."

நான் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பினேன். அக்கா திரையைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார், அடுக்கியிருந்த டயர்மேல் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரிக்க ஆரம்பித்தார். குழுத் தலைவி பயந்தேபோனாள்.

"பிரேக்குல ஒண்ணுமில்ல. முன்சக்கரம் இறுகினதும் இவன் கால் மேல வந்திருது. பின்சக்கரம் இறுகுறதுக்குள்ள விட்டுர்றான். நான்தான் கெடுத்தேன், தங்கக் காலாம் தங்கக் கால்!"

நான்காவது முயற்சிக்கு என்னை அனுப்பும்போது காரோரம் குனிந்து கெஞ்சினார். "ஒரே ஒரு தடவை டயரைத் தின்னுடா, என் ராசா." நானும் பல்லைக் கடித்துக்கொண்டு போனேன். 'கிரீச்' என்ற சத்தம் காதில் விழுந்ததும் என் கால் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. இரண்டே கோடு. இறங்கியபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. மணி நாலே முக்கால். எங்களுடைய இன்னொரு ஓட்டுநரையும் பயிற்சியில் தேற்றியது இதே அக்காதான். அவனை அனுப்பியும் பயனில்லை.

குழுத் தலைவி ஓட்டுநர் பட்டியலை எடுத்தாள். மூன்றாவது பெயர் அக்காவுடையது. வரி காலியாக இருக்கிறதே என்று நாங்கள் எழுதிவைத்தது.

"என்னையா? அந்த இருக்கையிலயா? ஒரு காலை விட்டா இன்னொரு காலு வெளியில நிக்கும்" என்றார் அக்கா. ஆனால் சொல்லிக்கொண்டே ஹெல்மெட்டை வாங்கிக்கொண்டார். ஓட்டுகிறவர் ஐந்து நொடிக்குள் காரிலிருந்து வெளியே வர வேண்டும் என்பது விதி. முதல் தடவை இடுப்பு மாட்டிக்கொண்டது, ஏழு நொடி. இரண்டாவது தடவை, "பஸ்ஸு போயிருச்சுக்கா!" என்று யாரோ கத்தியதும் நாலரை நொடியில் வெளியே நின்றார். ஆய்வாளர் சிரித்துக்கொண்டே அனுமதித்தார்.

பெல்ட்டை இறுக்கும்போது எனக்கு ஒரு சந்தேகம். பதினோரு வருடம் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பூப்போல ஓட்டியவர்.

"உங்க கால் மட்டும் கேக்குமாக்கா?"

அக்கா ஹெல்மெட் கண்ணாடியை மேலே தூக்கினார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"ஒரு தடவை அப்படி மிதிச்சிருக்கேன். பைக்குக்காரன் ஒருத்தன் குறுக்க பாஞ்சுட்டான். உள்ள பதினாலு பிள்ளைங்க. வேன் நேரா நிக்காம இடப்பக்கமா இழுத்துக்கிட்டுப் போயி, ஒரு சுவருக்கு ஒரு சாண் முன்னாடி நின்னுச்சு. யாருக்கும் ஒண்ணும் ஆகல. ஏன் இழுத்துச்சுன்னு பட்டறையில கேட்டேன். 'அதான் நின்னுருச்சேம்மா'ன்னாரு. அன்னியிலிருந்து எனக்குத் தூக்கமே சரியில்ல. அதுக்குத்தான்டா படிக்கவே வந்தேன்."

நான்கு வருடத்தில் இதை எங்கள் யாரிடமும் அவர் சொன்னதில்லை. நான் பெல்ட்டை இன்னொரு முறை இழுத்துப் பார்த்தேன்.

கார் சீறிக்கொண்டு போனது. கொடியைத் தாண்டியதும் 'கிரீச்' என்று ஒரு சத்தம். அது குறையவே இல்லை. டயர் புகை முன்னாலும் பின்னாலும் எழும்பி, கார் கண்ணுக்கு மறைந்து, புகை விலகியபோது பாதையின் நடுவில் நின்றுகொண்டிருந்தது. ஆய்வாளர் கட்டைவிரலை உயர்த்தினார். நாங்கள் கத்திய கத்தலில் பக்கத்துக் குழுக்காரர்கள் விபத்து என்று நினைத்து ஓடிவந்தார்கள்.

மறுநாள் பந்தயத்தை நான்தான் ஓட்டினேன். பதினாறாவது இடம். எங்கள் கல்லூரிக்கு அதுதான் இதுவரை உச்சம், துறை வாசலில் எங்கள் படம் தொங்குகிறது. எனக்கும் அதில் பெருமைதான், மறைப்பானேன். ஆனால் யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது அந்த ஐந்து மணியைத்தான்.

அன்று சோதனை முடிந்து காரைத் தள்ளிக்கொண்டு வந்தபிறகு பார்த்தால் அக்காவைக் காணோம். திரும்பிப் பாதைக்கே போயிருந்தார். குனிந்து, கோடுகளின் ஓரமாகவே நடந்துகொண்டிருந்தார், கொடியிலிருந்து கார் நின்ற இடம்வரை. "ஏம்மா, வழியை விடுங்க, வண்டி வருது!" என்று ஆய்வாளர் கத்தினார். அக்கா காதில் வாங்கவில்லை. நான் கையைப் பிடித்து இழுத்துவரப் போனபோது மாமாவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

"நின்னுச்சுங்க. நாலு சக்கரமும்."

மறுமுனையில் பிள்ளைகளின் இரைச்சல். மாமா வேனை ஓரங்கட்டியிருக்க வேண்டும்.

"இடப்பக்கம் இழுத்துச்சா?" என்றார் மாமா.

அக்கா தலையை மட்டும் இல்லை இல்லை என்று ஆட்டினார். அது போனில் தெரியாதே என்று நான்தான் பக்கத்திலிருந்து சத்தமாகச் சொன்னேன்.

"நேரா நின்னுச்சு மாமா. துளிகூட இழுக்கல."