ரெமிஜியஸ் வளர்த்த கோழிகள்

கதிர் அறுக்கும் வண்டியில் பதினாறு வருஷம் குலுங்கிக் குலுங்கியே ரெமிஜியஸின் இடுப்பு எலும்பு தேய்ந்துபோனது. கீழ்வேளூர் சுற்றுவட்டாரத்தில் அவன் வண்டி இறங்காத வயல் கிடையாது. நாற்பத்தேழு வயசில், "இனிமே வண்டியில ஏறினீங்கன்னா அப்புறம் நடக்கிறதே கஷ்டமாயிடும்" என்று டாக்டர் முடிவாகச் சொல்லிவிட்டார். மறுநாளே முதலாளியிடம் சாவியைக் கொடுத்துவிட்டு வந்து வீட்டில் உட்கார்ந்தவன், நாலு மாசம் தெருப்பக்கமே தலைகாட்டவில்லை.

அவன் மனைவி எல்சி பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமையல் உதவியாளர். அந்தச் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. ஒருநாள் சாயங்காலம் அவள் கொல்லைப்பக்கம் பார்த்தபடியே கேட்டாள்: "என்னங்க, மாட்டுக்கொட்டகை சும்மாதானே கிடக்கு. கறிக்குக் கோழி வளர்ப்போமா?"

"கோழியா? நானா?"

"ஏன், கோழி உங்களைப் பாத்து ஓடிடுமா?"

அவனுக்குக் கோபம்தான் வந்தது. ஆனாலும் அடுத்த வாரம் நாகப்பட்டினம் போய் ஐம்பது ஒருநாள் குஞ்சுகளை அட்டைப்பெட்டியில் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினான். நாட்டுக்கோழி மாதிரி இருக்கும், மூணு மாசத்தில் ஒன்றரைக் கிலோ வரும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். வழியெல்லாம் பெட்டி கீச்கீச்சென்று கத்தியது. முன்சீட்டு அம்மா திரும்பி, "திறந்து காட்டுங்களேன்" என்று கேட்டாள். மூடியை லேசாகத் தூக்கினான். பஸ்ஸில் பாதிப் பேர் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். நாலு மாசத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவனும் சிரித்தான்.

அந்தச் சிரிப்பு ஐந்து நாள் கூட நிலைக்கவில்லை. தகரத்தை வட்டமாக வளைத்து, உமி பரப்பி, சூட்டுக்குக் குண்டு பல்பு தொங்கவிட்டிருந்தான். ஐந்தாம் நாள் விடிகாலை மழையில் கரண்ட் போனது. குளிர் தாங்காத குஞ்சுகள் ஒரு மூலையில் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டன. அவன் எழுந்து வந்து பார்த்தபோது அடியில் நசுங்கிய பதினோரு குஞ்சுகள் செத்துக் கிடந்தன. கையில் எடுத்தால் பஞ்சு போல இருந்தன. வாழை மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்துவிட்டு, காப்பி கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தான்.

"மிச்சம் முப்பத்தொம்பது இருக்கு. அதுங்களுக்குத் தண்ணி வைக்கலையா?" என்று எல்சி கேட்டாள். எழுந்து போய் வைத்தான்.

அதன்பிறகு ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டான். ஏழாம் நாள் கண்ணில் சொட்டு மருந்து விடாவிட்டால் வெள்ளைக்கழிச்சல் நோய் வந்து ஒன்று விடாமல் கொண்டுபோய்விடும். வலையில் இரண்டு விரல் இடைவெளி இருந்தால் கீரிப்பிள்ளைக்குப் போதும். அப்படி நாலு போனது. தீவனம் விற்கிற விலைக்குக் குருணையும் தவிடும் கலந்தால்தான் கட்டும், ரொம்பக் கலந்தால் கோழி வளராது. உமி ஈரமாகிவிட்டால் நெடி மூக்கைத் துளைக்கும்.

அந்த நெடிதான் பக்கத்து வீட்டு அம்சத்தோடு சண்டையை இழுத்துவந்தது. அறுபது வயசு, நடவுக்கு ஆள் சேர்த்துப் போகிறவள், வாய்ச்சண்டைக்கு அஞ்சாதவள். "தம்பி, சோறு வாயில வைக்க முடியலை. ஒண்ணு உன் கோழி இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்று வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சத்தம் போட்டாள். பஞ்சாயத்துத் தலைவர் வரைக்கும் போய்ச் சொன்னாள். ரெமிஜியஸ் வாரம் ஒருதரம் உமியை மாற்ற ஆரம்பித்தான். ஒவ்வொரு தரமும் குனிந்து நிமிர்ந்த பிறகு அரைநாள் படுக்க வேண்டியிருந்தது.

எல்லாவற்றையும் விடக் கஷ்டம் மூணாம் மாசம் வந்தது. அவன் அதுவரைக்கும் எதையும் அறுத்ததில்லை. மழுங்கிய கத்தியோடு, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு முதல் கோழியை அறுத்தான். அது அவன் கையிலிருந்து உதறிக்கொண்டு ரத்தத்தோடு கொல்லை முழுக்க ஓடியது. ஒன்பதாவது படிக்கிற மகள் பிரின்ஸி அதைப் பார்த்துவிட்டாள். அன்றைக்கு வீட்டில் யாரும் கறி சாப்பிடவில்லை.

மறுநாள் கடைத்தெருவில் கோழிக்கடை வைத்திருக்கும் ஜெகபர் அலியிடம் போய் நின்றான். "பாய், ஒரு வாரம் உங்க கடையில நின்னு பாத்துக்கிறேன்."

"கறிக்கடைக்குப் போட்டியா?" என்று சிரித்தவர், அவன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார். "கத்தி நல்லா கூரா இருக்கணும். கை தயங்கக் கூடாது. நீ தயங்கினா வலி அதுக்குத்தான்."

பத்து நாள் கழித்து ரெமிஜியஸ் கத்தியைத் தீட்டி, கோழியை மடியில் வைத்து அது அடங்கும்வரை தடவிக்கொடுத்து, சிலுவை போட்டுக்கொண்டு ஒரே இழுப்பில் அறுத்தான். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வந்து எல்சி மிளகு தூக்கலாகக் குழம்பு வைத்தாள். சாப்பாட்டுக்கு முந்தைய செபத்தை வருஷக்கணக்காக வாய்ப்பாடு மாதிரி முணுமுணுத்தவன், அன்றைக்கு வார்த்தை வார்த்தையாகச் சொன்னான். குஞ்சாகக் கையில் ஏந்தி, மருந்து விட்டு, மழைக்குப் போர்த்திய உயிர் தட்டில் இருந்தது. பிரின்ஸி சின்னத் துண்டாகப் பார்த்து ஒன்று எடுத்துக்கொண்டாள். "நல்லா இருக்குப்பா" என்றாள். மூவரும் அடிச்சட்டி வரைக்கும் வழித்துச் சாப்பிட்டார்கள்.

அடுத்த வருஷம் செப்டம்பர் கடைசியில் வாங்கிய குஞ்சுகளில் நாற்பத்தாறு தேறின. எல்லாவற்றையும் கிறிஸ்மஸுக்கு வாங்கிக்கொள்ள ஆட்கள் சொல்லி வைத்திருந்தார்கள். நவம்பர் கடைசியில் மூணு நாள் விடாமல் மழை. நாலாம் நாள் காலை வடிகால் கரை உடைந்து தெருவுக்குள் தண்ணீர் புகுந்தது. ஊர் முழுக்கப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பியது. ரெமிஜியஸ் போவதற்குள் கொட்டகையில் முழங்கால் தண்ணீர். எட்டுக் கோழிகள் மிதந்தன. தீவன மூட்டை கரைந்துகொண்டிருந்தது. மிச்சக் கோழிகளைப் பிடித்துக் கூடைகளில் அடைத்துவிட்டான். ஆனால் கூடையைத் தூக்க இடுப்பு ஒத்துழைக்கவில்லை.

வேலிப் பக்கமிருந்து சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அம்சம் தண்ணீரில் நடந்து வந்தாள். "தள்ளு தம்பி" என்றாள். ஒரு கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு போனவள் திரும்பி வந்து அடுத்ததை எடுத்தாள். நாலு நடை நடந்தாள்.

பள்ளிக்கூடத்தில் நூற்றுப்பத்துப் பேர் இருந்தார்கள். சத்துணவு அரிசி இருந்தது. பருப்பு முதல்நாளே தீர்ந்தது. ரோடு அறுந்து கிடந்ததால் வெளியிலிருந்து ஒன்றும் வரவில்லை. மறுநாள் காலை குழந்தைகள் வெறுங்கஞ்சி குடித்தார்கள். வராந்தாவில் முப்பத்தெட்டுக் கோழிகள் சிறகு ஒட்டி நடுங்கிக்கொண்டிருந்தன. தீவனம் இல்லை, காய்ந்த இடம் இல்லை. இன்னும் இரண்டு நாள் தாங்காது என்று ரெமிஜியஸுக்குத் தெரிந்தது. எல்சியைப் பார்த்தான். அவள் கோழிகளையும் குழந்தைகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"பெரிய அண்டாவை அடுப்புல ஏத்தட்டுமா?"

"ஏத்து."

ஜெகபர் அலியும் குடும்பத்தோடு அங்கேதான் இருந்தார். "பாய், நீங்க ஓதி அறுங்க. எல்லாரும் சாப்பிடணும்" என்று சொல்லிவிட்டு ரெமிஜியஸ் படிக்கல்லில் கத்தியைத் தீட்டிக்கொடுத்தான். ஒவ்வொரு கோழியாக அவனே பிடித்துத் தந்தான். அம்சம் பெண்களைக் கூட்டி வைத்து இறகு பிடுங்கினாள். தேங்காய் இல்லை, வெங்காயம் கொஞ்சம்தான். மிளகாய்த்தூளும் மஞ்சளும் உப்பும் போட்டுத் தண்ணீராக ஒரு குழம்பு. ஆளுக்கு இரண்டு துண்டு வந்தது. பிரின்ஸி வரிசையில் கரண்டியோடு போனாள். மழைச் சத்தத்துக்கு நடுவே எல்லாரும் உறிஞ்சிச் சாப்பிடும் சத்தம் கேட்டது.

கடைசியில் ஒரு பெரியவர் அவனைப் பார்த்துக் கைகூப்பினார். ரெமிஜியஸுக்குக் கூச்சமாகிவிட்டது. "அய்யா, கும்பிடாதீங்க. நான் ஒண்ணும் தானம் பண்ணலை. விட்டிருந்தா எப்படியும் செத்திருக்கும்."

அம்சம் விரலை நக்கிக்கொண்டே சொன்னாள்: "செத்துத்தான் இருக்கும். ஆனா எங்க வயித்துக்கு வந்திருக்காதே."

அவன் வெளியே வந்து மழையைப் பார்த்தபடி நின்றான். கிறிஸ்மஸ் வருமானம் போனது போனதுதான். ஆனால் அத்தனை மாசமும் குனிந்த குனிவு வீணாகவில்லை. நன்றி சொல்ல வேண்டியது தான்தான் என்று அவனுக்குத் தோன்றியது. யாரிடம் சொல்வதென்றுதான் தெரியவில்லை.

தண்ணீர் வடிந்த பிறகும், ஒருபக்கம் சாய்ந்த கொட்டகை தை மாசம் வரைக்கும் அப்படியே கிடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தெருக்காரர்கள் பத்துப் பேர் மண்வெட்டியோடு வந்து நின்றார்கள். வாய்க்கால் மண்ணை அள்ளிக் கொட்டித் தரையை இடுப்பளவு உயர்த்தி, கொட்டகையைப் புதுசாகக் கட்ட ஆரம்பித்தார்கள். கூலி என்ன என்று கேட்டதற்குக் கையை ஆட்டி மறுத்துவிட்டு அடுத்த கூடை மண்ணை அள்ளினார்கள். அம்சம் மட்டும் நடுவில் நின்று வேலை வாங்கினாள்.

"வாசலைக் கிழக்கால வை தம்பி. என் வீட்டுப் பக்கம் காத்து வந்துச்சு, மறுபடி பஞ்சாயத்துக்குத்தான் போவேன்."

"சரிங்க அக்கா."

இப்போது வருஷத்துக்கு மூணு தடவை, தடவைக்கு ஐம்பது குஞ்சு. அதற்கு மேல் அவன் இடுப்பு தாங்காது. கிடைப்பது போதும் என்கிறான். இன்னமும் ஒவ்வொரு தடவையும் நாலைந்து சாகத்தான் செய்கிறது, இன்னமும் அன்றைக்கு அவனுக்குக் காப்பி இறங்குவதில்லை. கொல்லையில் கோழி எருவுக்குக் கத்தரிச் செடி தோளுயரம் நிற்கிறது. வண்டி ஓட்டிய காலத்தில் அறுப்பு சீசனில் மகள் என்ன வகுப்பு என்றே அவனுக்கு மறந்துபோகும். இப்போது குஞ்சு வந்த ஏழாம் நாள் பிரின்ஸி ஒவ்வொன்றாகக் கையில் பிடித்துக்கொள்ள, அவன் கண்ணில் ஒரு சொட்டு விடுகிறான். நடுவில் அவள் கணக்குப் பரீட்சையைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருப்பாள். ஐம்பதும் முடிய ஒரு மணி நேரமாவது ஆகும். அவன் அவசரப்படுத்துவதில்லை.