பெக்கியின் கிடா

சனிக்கிழமை சாயங்காலம் காற்றாலையை நிறுத்தியதுதான் டோர்மோடும் மகள் ஷோனாக்கும் சேர்ந்து செய்த கடைசி வேலை. அவள் விசையை அழுத்தினாள். இறக்கைகள் மெல்ல அடங்கி நின்றன.

"நல்ல காத்துப்பா. நாளைக்குப் பூரா வீணாப் போவுது."

"வாக்குக் குடுத்திருக்கேன்மா."

அவள் பொறியாளர். கண்ணெதிரே காற்று வீணாவது அவளுக்குப் பொறுக்காது. ஆனால் ஸ்கார்வே தீவில் ஞாயிற்றுக்கிழமை ஆண்டவரின் ஓய்வுநாள்; அன்று துணிகூடக் காயப்போட மாட்டார்கள்.

டோர்மோட் சிங்கி இறால் பிடித்தவர். விலை சரிந்து படகுகள் ஒவ்வொன்றாகக் கரையேறியபோது, பொது மேய்ச்சல் நிலத்தில் ஊருக்கே சொந்தமாக ஒரு காற்றாலை வைக்கலாம் என்று வீடு வீடாக ஏறி இறங்கினார். பக்கத்து வீட்டுப் பெக்கி மட்டும் மசியவில்லை.

"அது போடுற சத்தத்துல ஒரு ஆடு அந்தப் பக்கம் போகுமா? ஞாயித்துக்கிழமை வேற சுத்துமாம்!"

ஞாயிறன்று நிறுத்திவிடுவதாக வாக்குக் கொடுத்த பிறகுதான் தலையசைத்தாள்.

மின்சாரம் விற்ற வருமானத்தில் படகுத்துறை சீரானது. வாடகை வீடுகள் இரண்டு எழுந்தன. மூன்றாவதும் எழுந்தால் பிள்ளைகளோடு ஒரு குடும்பம் வரும். வராவிட்டால் பள்ளிக்கூடத்தை மூடிவிடுவார்கள். அதற்கு ஞாயிற்றுக்கிழமைக் காற்றும் வேண்டியிருந்தது.

"நம்ம ஆடுகளுக்குன்னு இரவல் வாங்கின பெக்கியோட கிடாவைத் திங்கக்கிழமை திருப்பி விடப் போறேன். அப்பவே கேட்டுடறேன்," என்றார்.

"அத்தை ஒத்துக்குவாங்களா?"

"முதல்ல திட்டுவா. அப்புறம் அடுப்புல கல்லைப் போட்டு ரொட்டி சுட்டான்னா சம்மதம்னு அர்த்தம்."

ஞாயிறு விடியலில் அவர் எழுந்திருக்கவில்லை. தூக்கத்திலேயே இதயம் நின்றிருந்தது.

அடக்கம் முடிந்த அன்று ஷோனாக்கைப் பார்க்கப் பெக்கி வந்தாள். "என்கிட்ட ஒண்ணு கேக்கணும்னு சொல்லிக்கிட்டிருந்தான் உங்கப்பன். கேக்காமலே போயிட்டான்."

"நான் கேக்கட்டுமா அத்தை?"

"துக்க வீட்டுல பேசுற பேச்சாடி அது? என் கிடாவை முதல்ல கொண்டாந்து விடு. இரவல் வாங்கினா திருப்பித் தர்ற பழக்கமே உங்க குடும்பத்துல கிடையாது."

"நாளைக்கே கொண்டு வரேன்."

"வா. அடுப்புல கல்லைப் போட்டு வைக்கிறேன்."

மறுநாள் காலை ஷோனாக் மேய்ச்சல் நிலத்துக்கு ஏறினாள். அப்பாவின் கையுறைகள் அவளுக்குப் பெரிது. இருந்தும் கழற்றவில்லை. மேலே இறக்கைகள் முழு வேகத்தில் இரைந்து சுற்றிக்கொண்டிருந்தன. கீழே, தூணை ஒட்டி, காற்றுப் படாத பக்கமாகப் பெக்கியின் கிடா படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. கொம்பைப் பிடித்து இழுத்தாள். எழுந்திருப்பதாக இல்லை.