காய்ச்சல் வராத நாள்

என் மகளுடைய காய்ச்சலுக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள், மத்தியானச் சோறு இறக்கி வைக்கிற நேரத்துக்கு வரும். முதலில் நகங்கள் நீலம் பாரிக்கும். பிறகு பல் கிட்டும். சேலை, சாக்கு என்று எதைப் போட்டு மூடினாலும் உடம்பு உதறும். அதற்குப் பிறகு கொதிக்கும். பொழுது சாய வியர்த்துக் கொட்டிவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல எழும்பி விளையாடப் போய்விடுவாள். வன்னியில் இதற்கு முறைக்காய்ச்சல் என்று பெயர். பள்ளிக்கூட மணிகூட அந்த ஒழுங்கில் அடித்து நான் கேட்டதில்லை.

அப்போது நாங்கள் பரந்தனிலிருந்து இடம்பெயர்ந்து ஒட்டுசுட்டானில் காட்டோரமாக ஒரு கொட்டிலில் இருந்தோம். நாங்கள் என்றால் நானும் அவளும்தான். அவளுக்கு நாலு வயது. அவள் என் வயிற்றில் இருக்கும்போதே அவளுடைய தகப்பன் வெளிக்கிட்டு, எந்தெந்த நாட்டிலோ அலைந்து, கடைசியில் கனடாவில் போய்ச் சேர்ந்தவர். மகளை அவர் புகைப்படத்தில் மட்டும்தான் கண்டிருந்தார். எங்களைக் கூப்பிட அவர் போட்ட விண்ணப்பம் அசையாமல் கிடந்து கிடந்து ஒருநாள் அசைந்தது. கொழும்பில் இருந்த அவருடைய ஒன்றுவிட்ட தமையன், வியாபாரத்துக்கு வந்துபோகும் ஒருவரிடம் செய்தி சொல்லி அனுப்பினார். அடுத்த மாதம் விசாவுக்கு மெடிக்கல். அது சரிவந்தால் தூதரகத்தில் நேர்முகம். இரண்டு பேரும் உடனே வந்து சேர வேண்டும்.

மெடிக்கல் என்ற சொல் எங்கள் கொட்டில் வரிசையில் பட்ட பாடு கொஞ்சமில்லை. கொழும்புப் பக்கமே தலைவைத்துப் படுக்காதவர்கள்கூட அதைப்பற்றி எல்லாம் தெரிந்தவர்களாகிவிட்டார்கள். பல்லை எண்ணுவார்கள் என்றார் ஒருவர். உடம்பில் தழும்பு இருந்தால் பொலிசைக் கூப்பிடுவார்கள் என்றார் இன்னொருவர். ஒரு விஷயத்தில் மட்டும் எல்லாருக்கும் ஒரே கருத்து. ஒருவருக்கு நோய் இருந்தால் முழுக் குடும்பத்துக்கும் கதவைச் சாத்திவிடுவார்கள். மலேரியா என்று கண்டால், வாசலில் வைத்தே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

நான் அதை நம்பினேன். நம்பாமல் என்ன செய்வது? கேட்டுத் தெளிய அங்கே எனக்கு யார் இருந்தார்கள்?

பக்கத்துக் கொட்டிலில் ஓர் அக்கா இருந்தா. முல்லைத்தீவுக் கரையிலிருந்து வந்தவ. கடலே இல்லாத ஊரில் வந்து அகப்பட்டுவிட்டோமே என்று எந்நேரமும் எரிந்து விழுந்துகொண்டிருப்பா. ஆனால் என் மகளுடைய காய்ச்சல் நாட்களை என்னைவிட அவதான் சரியாக மனதில் வைத்திருந்தா. செய்தி வந்த அன்று வாசலில் குந்தியிருந்து விரல் மடித்து எண்ணினா.

"பிள்ளை, இண்டைக்கு வந்தது எண்டால் நாளைக்கு இல்லை. நாளையிண்டைக்கு வரும். அப்பிடியே பார்த்துக்கொண்டு போனால் உங்கட மெடிக்கல் நாளிலை வராது. மாதாதான் நாள் குறிச்சிருக்கிறா."

"வடிவா எண்ணினீங்களோ அக்கா?"

"சந்தேகமெண்டால் நீரே எண்ணும்."

நான் எண்ணினேன். அன்று மட்டுமில்லை, அதற்குப் பிறகு தினமும் எண்ணினேன். மாதா குறித்தாலும் சரி, பிள்ளையார் குறித்தாலும் சரி, அந்த ஒரு நாள் காய்ச்சல் வராத நாளாக இருந்தால் எனக்குப் போதும்.

ஆஸ்பத்திரிக்கு மலேரியாக் குளிசை வந்தால், ஒரு கிழமைக்குள் கையிருப்பு முடிந்துவிடும். வரிசையில் நின்று வாங்கியதை வாழைப்பழத்துக்குள் வைத்துக் கொடுத்தால், பழத்தை விழுங்கிவிட்டுக் குளிசையைத் துப்புவாள். இரண்டு முறை விழுங்குவாள். காய்ச்சல் நிற்கும். பிறகு மழைக்குப் பிந்திய புல்லுப்போல முளைத்துவிடும். அடிக்கடி வந்த காய்ச்சலில் அவளுடைய இடது விலாவுக்குக் கீழே மண்ணீரல் வீங்கிக் கட்டி வைத்திருந்தது. கை கால் குச்சி, வயிறு மட்டும் முன்னுக்கு. அதை மறைக்க அக்கா தன்னுடைய பழைய சேலையில் நெஞ்சுக்குக் கீழே சுருக்கு வைத்து ஒரு சட்டை தைத்துத் தந்தா. முட்டை கிடைத்தால் அவளுக்கு. ஆட்டு ஈரல் கிடைத்தால் அவளுக்கு. முருங்கையிலைச் சாறும் நிலவேம்பும் அவளுடைய மூக்கைப் பிடித்துப் பருக்கினேன். அவள் என்னை உதைத்தாள், கடித்தாள். நானும் அடித்தேன், பிறகு கட்டிப்பிடித்து அழுதேன். இப்படித்தான் அந்த மாதம் போனது.

ஒருவழியாக இயக்கத்திடம் பாஸ் எடுத்து, மன்னார்ப் பக்கத்துப் பாதையால் உழவு இயந்திரத்திலும் நடையிலுமாகப் போய், இயக்கம், ஆமி என்று இரு பக்கச் சோதனையும் முடித்து வவுனியாவுக்கு வந்து சேர்ந்தோம். கனகராயன்குளத்தால் நேரே போகும் பெரிய றோட்டு சண்டையில் மூடிக் கிடந்தது. நேரத்தோடுதான் வந்திருந்தோம். ஆனால் வன்னியிலிருந்து வருபவர்களை வவுனியாவில் உடனே வெளியே விடமாட்டார்கள். ஒரு பள்ளிக்கூடத்தை முகாமாக்கி அதற்குள் வைத்திருந்தார்கள். விசாரித்து, எழுதி, மேலிடம் சரி என்றால்தான் கொழும்புக்குப் பாஸ். நான் தினமும் போய்க் கேட்டேன். தினமும் நாளைக்கு என்றார்கள்.

மெடிக்கல் நாள் அந்த முகாமுக்குள்தான் விடிந்தது. அக்காவின் கணக்கு அச்சொட்டாகச் சரி. அன்று முழுவதும் என் மகளுக்கு ஒரு தும்மல்கூட இல்லை. மத்தியானம் மற்றப் பிள்ளைகளோடு விறாந்தையில் குதித்து விளையாடினாள். கன்னம்கூடக் கொஞ்சம் சிவந்திருந்தது. நான் தூணில் சாய்ந்திருந்து அதைப் பார்த்தேன். சந்தோஷப்பட வேண்டிய காட்சி. ஆனால் கொழும்பில் இருந்திருக்க வேண்டிய அந்த நல்ல நாள் முகாமுக்குள் வீணாகிக்கொண்டிருந்தது.

அடுத்த நாள் சுகாதாரப் பகுதிக்காரர் வகுப்பறை வகுப்பறையாக வந்தார்கள். கையில் கண்ணாடித் துண்டுகள், ஊசி, குளிசைப் போத்தல்.

"காய்ச்சல் உள்ள பிள்ளையள் இருக்கோ? இரத்தம் பார்த்து மருந்து தருவம்."

என் மகள் என் மடியில் சேலைக்குள் உதறிக்கொண்டிருந்தாள். இரத்தம் பார்த்தால் எழுதுவார்கள். எழுதினால் அது கொழும்புக்குப் போகும். கொழும்பிலிருந்து கனடாவுக்குப் போகும். என் புத்தி அப்படித்தான் ஓடியது. அவளுடைய வாயை என் தோளில் அழுத்திக்கொண்டு, "இவ நித்திரை. ஒரு வருத்தமும் இல்லை" என்றேன். அவர்கள் அடுத்த பாய்க்குப் போனார்கள். குளிசைகள் போத்தலுக்குள் கலகலத்துக்கொண்டே போயின.

முகாமிலிருந்து ஒருவழியாக வெளியே விட்ட பிறகு, ரயிலேறி, கொழும்பில் லொட்ஜ் அறைக்கு வந்து சேர்ந்தபோது தமையனார் புதிய நாள் ஒன்று எடுத்து வைத்திருந்தார். நல்ல மனிதர். அலைந்து திரிந்து, கெஞ்சித்தான் எடுத்திருப்பார். நாளைச் சொன்னவுடனே நான் சேலைத் தலைப்புக்குள் விரலை மடித்தேன். காய்ச்சல் நாள்.

"அண்ணை, ஒரு நாள் தள்ளிப் போடேலாதோ?"

"என்னத்துக்கு?"

"பிள்ளை களைச்சுப்போனா. அதுதான்."

"கதைக்கிற கதையே இது? நேர்முகம் கிட்டுது. இதை விட்டால் பிறகு எப்ப தருவாங்கள் எண்டு ஆருக்குத் தெரியும்? தம்பி அங்கை இரவு பகலா வேலை செய்யிறான்."

அவருக்குக்கூட நான் உண்மையைச் சொல்லவில்லை. தெருமுனையில் மருந்துக்கடை வெளிச்சமாகத் திறந்திருந்தது. அதைக் கடந்து இரண்டு தடவை நடந்தேன். உள்ளே போய் மலேரியாக் குளிசை கேட்டால், டொக்டர் எழுதின துண்டு எங்கே, பிள்ளை எங்கே, எந்த ஊர் என்று கேட்பார்கள் என்ற பயத்தில் திரும்பி வந்துவிட்டேன்.

விடியவே போய்விட்டால் மத்தியானத்துக்கு முன்னர் முடித்துவிடலாம். அதுதான் எனக்கு மிச்சமிருந்த ஒரே நம்பிக்கை. சுருக்குச் சட்டையைப் போட்டு, கன்னத்தில் கொஞ்சம் பவுடர் பூசி, முச்சக்கர வண்டியில் போகும்போதே மகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். குளிருது என்று சொல்லக்கூடாது. வயிறு நோகுது என்று சொல்லக்கூடாது. தலையை ஆட்டினாள். என்ன விளங்கியதோ தெரியாது.

மெடிக்கல் எடுக்கும் இடத்தில் எங்களுக்கு முன்னரே ஒரு கூட்டம் இருந்தது. முதலில் பெரியவர்களுக்கு எக்ஸ்றே. என்னைக் கூப்பிட்டார்கள். மகளைத் தமையனாரிடம் இருத்திவிட்டு உள்ளே போனேன். நெஞ்சைப் பலகையில் வைத்து மூச்சைப் பிடிக்கச் சொன்னார்கள். பிடித்தேன். கண் முழுக்கக் கதவு நீக்கலில்தான். அவள் கதிரையில் காலை ஆட்டிக்கொண்டிருந்தது தெரிந்தது. எனக்கு என்ன படம் எடுக்கிறார்கள், எதற்கு எடுக்கிறார்கள் என்று நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. வெளியே வந்து அவளுடைய பிடரியைத் தொட்டுப் பார்த்தேன். குளிர்ச்சி.

நேரம் போனது. கூப்பிட்ட பெயரெல்லாம் எங்கள் பெயரில்லை. சுவர் மணிக்கூடு மத்தியானத்தை நெருங்க நெருங்க, அவளுடைய விரல்களை என் உள்ளங்கைக்குள் வைத்துத் தேய்த்தேன். நகம் நீலமாகத் தொடங்கியது. தேய்த்தேன். ஊதினேன். "அம்மா" என்றாள், பிறகு நான் சொன்னது ஞாபகம் வந்து வாயை மூடிக்கொண்டாள். பற்கள் தாமாக அடித்தன. அந்த நேரம் பார்த்துத்தான் எங்களைக் கூப்பிட்டார்கள்.

டொக்டர் வயதான சிங்களவர். தமிழ் தெரிந்த தாதி ஒருத்தி பக்கத்தில் நின்றாள். என் மகளை மேசையில் கிடத்தினார்கள். மேசையே ஆடியது. டொக்டர் சுருக்குச் சட்டையை உயர்த்தி, இடது விலாவுக்குக் கீழே கையை வைத்தார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அந்தக் கணத்தில் கனடாவும் போனது, அவளுடைய தகப்பனும் போனார், அந்த மாதம் முழுவதும் நான் பருக்கிய சாறும் போனது.

டொக்டர் ஏதோ சொன்னார். தாதி சிரித்தாள்.

"அம்மா, மலேரியாதானே. வன்னியிலையிருந்து வாற பிள்ளையள் கனபேருக்கு இருக்கு. இதுக்கு விசாவை மறிக்கமாட்டினம். குளிசை தாறம், ஒழுங்காக் குடுங்கோ. ஏன் வவுனியாவிலை எடுக்கேல்லை?"

டொக்டரைக் கையெடுத்துக் கும்பிட்டேன். அழுகை பொத்துக்கொண்டு வந்தது. சத்தமாக, வெட்கமில்லாமல் அழுதேன். மகளைத் தூக்கி, சேலைத் தலைப்பால் சுற்றி, மார்போடு அணைத்து, முகம் முழுக்கக் கொஞ்சினேன். அவ்வளவு சந்தோஷத்தை நான் அதற்கு முன்னர் அனுபவித்ததில்லை.

டொக்டர் அதற்குள் ஓர் எக்ஸ்றேப் படத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். திரும்பவும் பிடித்தார். தாதியிடம் தணிந்த குரலில் பேசினார். தாதியின் சிரிப்பு நின்றது.

"அம்மா, இது உங்கட படம். உங்களுக்கு இருமல் இருக்கோ?"

"அடுப்புப் புகைக்கு இருமிறனான். எல்லாரும் இருமிறதுதானே."

"பின்னேரத்திலை உடம்பு சுடுறதோ? மெலிஞ்சனீங்களோ?"

சுட்டதுதான். காய்ச்சல்காரப் பிள்ளையைக் கட்டிப்பிடித்தால் சுடத்தானே செய்யும் என்று இருந்தேன். மெலிந்ததுதான். வன்னியில் அப்போது மெலியாதவர்கள் யார்?

டொக்டர் என்னை நேரே பார்த்து ஒரு கேள்வி கேட்டார். தாதி கொஞ்சம் தயங்கித்தான் தமிழில் சொன்னாள்.

"பிள்ளை ஆரோடை படுக்கிறவ?"

"என்னோடைதான்," என்றேன். நல்ல தாய் என்று சொல்லப்போகிறார்கள் என்ற எண்ணத்தில், கேட்காததையும் சேர்த்துச் சொன்னேன். "பிறந்த நாளிலையிருந்து ஒரு நாளும் தனியப் படுக்கவிட்டதில்லை. என்ரை நெஞ்சிலைதான் நித்திரை கொள்ளுவா."

தாதி என் கையிலிருந்து மகளை மெல்ல வாங்கிக்கொண்டாள்.

கசம், காசநோய் என்றார்கள். சளி எடுத்துப் பார்க்க வேண்டும், பிறகு மாதக்கணக்கில் மருந்து, அது முடியும்வரை விசாவுமில்லை, நேர்முகமுமில்லை. அதெல்லாம் என் காதுக்குப் பிறகுதான் எட்டியது. முதலில் எட்டியது, பிள்ளைக்கும் நெஞ்சுப் படம் எடுக்க வேண்டும் என்பதுதான். அந்தப் படத்தில் ஒன்றுமில்லை என்று சொல்ல ஒரு கிழமை ஆனது. எங்கள் இருவருக்கும் விசா வர அதற்குப் பிறகும் நெடுங்காலம் ஆனது. ஆனால் அன்று பின்னேரம் எனக்கு இதொன்றும் தெரியாது. அவளுக்கு அது எங்கே தொற்றியது, எவ்வளவு தொற்றியது, என் எந்த மூச்சில் தொற்றியது என்பது மட்டும்தான் மண்டைக்குள் சுற்றியது. நுளம்பு கடிக்கக்கூடாதென்று விசிறி விசிறி, அவளை என் மூச்சுக்குள் வைத்திருந்தேன்.

லொட்ஜ் அறையில் தமையனார் இரண்டு பாய்களை இரண்டு மூலையில் விரித்துவிட்டு, வெளியே போய் நின்றார். மகள் குளிசை விழுங்கி, வியர்த்து, எழும்பினாள். வழக்கம்போல நேரே என்னிடம் ஓடி வந்தாள். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, மறுகையால் அவளைத் தடுத்தேன். விளையாட்டு என்று நினைத்துச் சிரித்துக்கொண்டு திரும்பவும் வந்தாள். தள்ளிவிட்டேன். கொஞ்சம் பலமாகத்தான் தள்ளியிருக்க வேண்டும், நிலத்தில் விழுந்து இருந்துவிட்டாள்.

அழவில்லை. என்னைப் பார்த்தாள்.

"அம்மா, நான் என்ன செய்தனான்?"

பதில் சொல்ல வாயைத் திறந்தால் மூச்சு அவள்மேல் படும். நான் எழும்பிப் போய் யன்னல் பக்கம் திரும்பி நின்றேன்.