தாடையைப் பிடித்த கை

மூச்சை அடக்கிக்கொண்டு தண்ணீருக்குள் கிடப்பது ஒரு போட்டி என்று எங்கள் ஊரில் சொன்னால் முதலில் சிரிப்பார்கள், பிறகு எதற்கு என்று கேட்பார்கள். எதற்கு என்பதற்கு எனக்கே இன்றுவரை சரியான பதில் கிடையாது. ஆழத்துக்கு இறங்கி ஏறுகிற போட்டிகள் உண்டு. எனக்குக் கைவந்தது இன்னொரு வகை. நீச்சல் குளத்தில் முகம் தண்ணீருக்குள் இருக்க, குப்புற மிதந்தபடி அசையாமல் கிடக்க வேண்டும். யார் அதிக நேரம் கிடக்கிறார்களோ அவர்களுக்கு வெற்றி. "வாய மூடிகினு சும்மா இருக்கறதுல போட்டியா? அதுல நீ ஜெயிக்கிறியா?" என்று என் அம்மா கேட்டாள். நியாயமான கேள்விதான். வீட்டில் நான் ஒரு நிமிடம்கூட அப்படி இருந்தவள் இல்லை.

சென்னையில் ஒரு பள்ளியில் நீச்சல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில் இந்தப் பைத்தியம் தொற்றியது. கல்யாணமாகித் திருத்தணிக்கே திரும்பியபோது, இத்தோடு விட்டது என்று எல்லோரும் நிம்மதியடைந்தார்கள். விடாமல் பிடித்துக்கொள்ள வைத்தவர் என் கணவர். அவர் என் அத்தை மகன். எங்கள் பக்கத்துப் பல வீடுகளைப் போல நாங்களும் அத்தை மகனை பாவா என்றுதான் கூப்பிடுவோம். தாலி கட்டிய பிறகும் அவர் எனக்கு பாவாதான். மற்ற நேரங்களில் வாங்க, போங்க. கோபம் வந்தால் வா, போ.

சித்தூர் ரோட்டில் அவருக்கு மோட்டார் காயில் கட்டும் கடை. எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, செம்புக் கம்பியை ஒவ்வொரு சுற்றாக எண்ணிச் சுற்ற வேண்டும். ஒரு சுற்று கூடினாலும் குறைந்தாலும் மோட்டார் மறுபடி எரியும். அவர் கட்டிய மோட்டார் எண்ணிக்கை தவறி எரிந்ததாக யாரும் வந்து நின்றதில்லை. இந்த விளையாட்டில் தனியாகப் பயிற்சி செய்யவே கூடாது, பக்கத்தில் ஒரு துணையாள் நின்றே ஆக வேண்டும். பொறுமையாக எண்ணத் தெரிந்த ஒருவர் வீட்டிலேயே இருக்கும்போது வேறு யாரைத் தேடுவேன்?

துணையாளின் வேலை கேட்பதற்குச் சுலபம். குறித்த நேரத்துக்குப் பிறகு அவ்வப்போது என் தோளைத் தட்டுவார். நினைவோடு இருக்கிறேன் என்பதற்கு நான் ஒரு விரலைத் தூக்க வேண்டும். விரல் எழாவிட்டால் இன்னொரு முறை தட்டுவார். அப்போதும் எழாவிட்டால் யோசிக்காமல் தூக்கிவிட வேண்டும். இந்த விதியை நான்தான் அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

காலை வேளைகளில் மலைப்படிகளில் பயிற்சி. முப்பது படி மூச்சில்லாமல், பத்து படி மூச்சோடு. பாதி வழியில் பூ விற்கும் அம்மா ஒருநாள், "இன்னாம்மா, மவுன விரதமா? ஒரு பேச்சு பேச மாட்டேன்ற?" என்றார். மூச்சு விட்டால் கணக்கு போய்விடுமே என்று ஆமாம் என்பதுபோல் தலையாட்டிவிட்டு ஏறினேன். அன்றிலிருந்து எனக்காக ஒரு முழம் பூவைத் தனியாக எடுத்து வைத்தார். சாமி பேரில் நான் செய்த முதல் ஏமாற்று அது. பிறகு செய்ததற்கு முன்னால் இதெல்லாம் ஒன்றுமே இல்லை.

இரண்டு வருடங்களுக்கு முன்பு, வெளிநாட்டுப் போட்டிக்கு அணி எடுப்பதற்கான தேர்வு நடந்தது. பெண்களுக்கு இரண்டு இடம். ஆறு நிமிடம் கிடந்தால் ஓர் இடம் எனக்குத்தான் என்று கணக்குப் போட்டுவிட்டுப் போனோம். நான்காவது நிமிடத்திலிருந்து வயிறு உள்ளுக்குள் உதைக்க ஆரம்பிக்கும். உதைக்கட்டும் என்று விட்டுவிட வேண்டும். அன்றைக்கு நன்றாகவே விட்டேன். ஐந்தரை நிமிடத் தட்டலுக்கு விரல் தூக்கியது நினைவிருக்கிறது. ஆறு தாண்டியதை பாவா காதருகே சொன்னதும் நினைவிருக்கிறது.

மேலே எழுந்ததும் பதினைந்து நொடிக்குள் மூன்று காரியம் செய்ய வேண்டும். மூக்கை அடைத்திருக்கும் கிளிப்பைக் கழற்ற வேண்டும், விரலை வளைத்து நன்றாக இருக்கிறேன் என்று காட்ட வேண்டும், அதையே வாயாலும் சொல்ல வேண்டும். அதற்குள் யாராவது நம்மைத் தொட்டுவிட்டால் சிவப்பு அட்டை. கிடந்த ஆறு நிமிடமும் வீண்.

நான் எழுந்தேன். கிளிப்பைக் கழற்றினேன். விரலை வளைத்துக் காட்டினேன். சொல்ல வாயைத் திறக்கும்போது பாவாவின் கை என் தாடையைப் பிடித்திருந்தது. நடுவர் சிவப்பு அட்டையைத் தூக்கினார்.

குளத்தங்கரையில் முப்பது பேர் இருந்திருப்பார்கள். அத்தனை பேர் முன்னாலும் கத்தினேன்.

"உன்ன யாரு தொடச் சொன்னது? ஆறு நிமிசம் செத்துப் பொழைச்சி வரேன், நீ அஞ்சு செகண்டு கம்முனு நிக்க மாட்டியா?"

"தல சாஞ்சிடுச்சிம்மா," என்றார். "மூஞ்சி தண்ணிக்குப் போச்சு."

"போவல! நான் கைய காட்டிகினு இருந்தேன். இனிமே நானா எழுந்திரிக்கிற வரைக்கும் தொடாத. செத்தாக்கூட தொடாத!"

நடுவர் ஒரு பெண்மணி. வீடியோ இருக்கிறது, வேண்டுமானால் பார்க்கலாம் என்று மெதுவாகச் சொன்னார். எனக்குத் தெரியாததா, வேண்டாம் என்றேன்.

திரும்பி வரும்போது ரயிலில் அவர் வாங்கித் தந்த டீயைக் கையில் வாங்கவில்லை. அது ஆறி, அவரே குடித்தார். ஊருக்கு வந்ததும் கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்: "பாவா அவசரப்பட்டுத் தொட்டுட்டாரு." என் மாமியார், அதாவது என் அத்தை, பெற்ற பிள்ளையையே திட்டித் தீர்த்தார். கடைக்கு மோட்டார் கொண்டுவந்தவர்கள்கூட விசாரித்தார்கள். "ஆங், என் தப்புதாங்க," என்று அவர் கம்பியைச் சுற்றிக்கொண்டே சொல்வதை நானே நின்று கேட்டிருக்கிறேன்.

எட்டு நாள் கழித்து, கூடப் போட்டியிட்ட ஒரு பெண் அந்த வீடியோவை போனில் அனுப்பினாள். அவளுக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. உன் ஆறு நிமிடம் அழகாக இருந்தது என்று எழுதியிருந்தாள். மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். ஈரக் கையோடு பார்த்தேன்.

அதில் நான் எழுகிறேன். கை மூக்கருகே போகவே இல்லை. கிளிப் அப்படியே இருக்கிறது. உதடு நாவல்பழம் தின்றதுபோல் இருக்கிறது. கண் திறந்திருக்கிறது, ஆனால் அது எதையும் பார்க்கவில்லை. பாவா "மூச்சு வுடு, மூச்சு வுடு" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். தலை ஆடுகிறது, சாய்கிறது, உதடு தண்ணீரைத் தொடுகிறது. அதற்குப் பிறகுதான் அவர் கை வருகிறது. ஏழு நொடி அந்தக் கையில் நான் துணிமூட்டைபோல் தொங்குகிறேன். பிறகு ஒரு மூச்சு. அடுத்த மூச்சிலேயே திட்ட ஆரம்பித்துவிடுகிறேன். அவர் கை அப்போதும் என் தாடையில்தான் இருக்கிறது.

விரலை வளைத்துக் காட்டிய ஞாபகம் என் மூளை தானாகச் செய்துகொண்டது. மயங்கியவருக்குத் தான் மயங்கியது தெரியாது, இடையில் போன நேரத்தை மனசே இட்டுக்கட்டி நிரப்பிக்கொள்ளும், எழுந்ததும் காப்பாற்றியவர்மேல் எரிந்து விழுவார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியாதது இல்லை. புதிதாக வருபவர்களுக்கு நானே பாடம் எடுத்திருக்கிறேன்.

மீதித் துணியைக் காயப்போட்டு முடித்தேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் கீழே இறங்கினேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு மலைக்குப் போய் மொட்ட போட்டுகினு வந்துடறேன்," என்றார். "மனசு சரியில்ல."

எங்கெங்கிருந்தோ வருகிறவர்கள் இங்கே வரிசையில் நின்று மொட்டை போட்டுக்கொள்வார்கள். உள்ளூர்க்காரர்கள் பெரிய காரியம் ஏதாவது இருந்தால்தான் தலையைக் கொடுப்போம்.

"எதுக்கு?" என்றேன்.

"உன் ஆறு நிமிசத்த கெடுத்துட்டேன்ல."

போன் என் கையிலேயே இருந்தது. அவர் பக்கம் திருப்பிக் காட்டியிருந்தால் முடிந்திருக்கும். ஊர் முழுக்கச் சொல்லி வைத்துவிட்டேனே, இனி யார் முகத்தில் விழிப்பது என்ற பயம் வந்தது. அதற்கும் கீழே அசிங்கமாக இன்னொன்றும் இருந்தது. தோற்றது என் உடம்பு இல்லை, அவர் கை என்று இருப்பது எனக்கு வசதியாக இருந்தது.

"சரி, போயிட்டு வாங்க," என்றேன். மரியாதையாகத்தான் சொன்னேன்.

மறுநாள் தலையெல்லாம் சந்தனம் பூசிக்கொண்டு வந்து நின்றார். விபூதிப் பொட்டலத்தை நீட்டினார். வாங்கி நெற்றியில் இட்டுக்கொண்டேன். கடையில் கேட்டவர்களுக்கு வேண்டுதல் என்று சொன்னார். அந்தத் தலையில் முடி வளர்ந்து வருவதைத் தினமும் சாப்பாடு போடும்போது பார்த்தேன், சொல்லவில்லை. வீடியோவை அழிக்கவும் இல்லை.

நான்கு மாதம் போனது. பயிற்சியை மறுபடி தொடங்கினோம். ஆர்.கே.பேட்டைப் பக்கம் ஒரு நிலத்துக்காரரின் பம்ப்செட் மோட்டார் எப்போதும் பாவாவிடம்தான் வரும். தன் நிலத்தில் மார்பளவு தண்ணீர் நிற்கும் சிமெண்டுத் தொட்டியைப் பயிற்சிக்காக அவர் எங்களுக்கு விட்டிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சுற்றி வேர்க்கடலைச் செடி, மோட்டார் நிறுத்தியிருந்தது. நான் குப்புற மிதந்தேன். ஐந்து நிமிடத் தட்டலுக்கு விரல் தூக்கினேன். அதற்குப் பிறகு எதுவும் தெரியாது.

கண் திறந்தபோது துணி துவைக்கிற கல்லில் கிடந்தேன். நாக்கைக் கடித்திருந்தேன், வாயெல்லாம் ரத்தம். களையெடுத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா பாவாவின் முகத்துக்கு நேராகக் கையை நீட்டிச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னா மனுசன்யா நீ! பொண்டாட்டி முழுகிகினு கீறா, நீ தட்டிகினே நிக்கற!"

பாவா என் காலருகே உட்கார்ந்திருந்தார்.

"நாலு வாட்டி தட்னேன்," என்றார். "வெரல் வரல. தொட்டா திட்டுவியேன்னு... இன்னோரு வாட்டி பாக்கலாம், இன்னோரு வாட்டி பாக்கலாம்னு இருந்துட்டேன். மன்னிச்சிடும்மா. என் தப்பு."

சுற்று எண்ணத் தவறாத மனிதர். இரண்டு என்று சொல்லிக்கொடுத்ததை நான்காக்கியது என் வாய். அதற்கும் அவரே மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு என்மேல் வந்த வெறுப்பை இங்கே எழுத முடியவில்லை.

திரும்பும் வழியில் ஒரு டீக்கடையில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். நாக்கு வீங்கி டீ இறங்கவில்லை. போனை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

"பாவா, இத பாருங்க. நீங்க மொட்ட போடறதுக்கு மொத நாளே இது எனக்கு வந்துடுச்சி."

பார்த்தார். முடிந்ததும் மறுபடி ஓட்டிப் பார்த்தார். மூன்றாவது முறை, தன் கை என் தாடைக்கு வருகிற இடத்தில் நிறுத்தி, உற்றுப் பார்த்தார்.

"அப்போ நான் கரெக்டாதான் புடிச்சிருக்கேனா?"

"ஆங்."

"நீ கைய காட்டவே இல்லியா?"

"இல்ல."

என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டேன் என்பதுதான் உண்மை. அவர் தலையை ஒருமுறை தடவிக்கொண்டார். முடி அதற்குள் நன்றாக வளர்ந்துவிட்டிருந்தது. டீக்குக் காசு கொடுத்துவிட்டு வண்டியை எடுத்தார். மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

யாரிடமெல்லாம் அவர் தப்பு என்று சொன்னேனோ, அவர்கள் எல்லோரிடமும் போய் வீடியோவைக் காட்டினேன். அத்தை பார்த்துவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டார். என் அம்மா மட்டும், "அத்தன மாசம் வாய மூடிகினு இருந்தியே, அந்தப் போட்டியில நீதான்டி ஃபஸ்ட்டு," என்றாள்.

இந்த வருடத் தேர்வுக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். துணையாள் என்ற இடத்தில் அவர் பெயர்தான். வேறு ஆளை வைத்துக்கொள் என்று இரண்டு முறை சொன்னார், நான் கேட்கவில்லை. ஒவ்வொரு பயிற்சிக்கும் முன்னால் ஓர் ஒத்திகை செய்கிறோம். நான் தொட்டியில் குப்புற மிதப்பேன். முதல் தட்டலுக்கு விரல் தூக்க மாட்டேன், இரண்டாவதற்கும் தூக்க மாட்டேன். அவர் உடனே தூக்க வேண்டும். இது ஒத்திகை என்று அவருக்குத் தெரியும். நான் முழு நினைவோடு இருக்கிறேன் என்பதும் தெரியும்.

இப்போதெல்லாம் இரண்டாவது தட்டலுக்குப் பிறகு அவர் காத்திருப்பதில்லை. கை நேராகத் தாடைக்கு வருகிறது, என் முகத்தைத் தண்ணீருக்கு மேலே கொண்டுவருகிறது. நான் கண்ணைத் திறக்கும்போது அவர் என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள், "மன்னிச்சிடும்மா," என்று சொல்லிவிட்டுக் கையை எடுத்துக்கொள்கிறார். சரியாகச் செய்தீர்கள் என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறேன். ஆங் என்கிறார். அடுத்த முறையும் "மன்னிச்சிடும்மா" என்றுதான் சொல்கிறார். விதிகளை நான் சொல்லிக்கொடுத்தபோது அந்த வார்த்தை அதில் இல்லை. குளத்தங்கரையில் முப்பது பேர் முன்னால் அதையும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.