ஆற்றங்கரைப் பசுமைத் திட்டம்

ஜொகூர் பாருவில் கரியமில வாயுவைக் குறைக்கும் திட்டத்தை மக்களுக்கு விளக்கும் கூட்டம் அது. அதிகாரி மலாயில் பேசுவதைத் தமிழில் சொல்லவும், மக்கள் கேட்பதை அவருக்குச் சொல்லவும் என்னை அழைத்திருந்தார்கள். திரையில் ஆற்றங்கரை முழுக்க மரங்களும் சைக்கிள் பாதையும் தெரிந்தன. எதிரே உட்கார்ந்திருந்தவர்களின் வீடுகள் இருப்பது அந்தக் கரையில்தான்; படத்தில் அவை இல்லை.

முன்வரிசையில் ஒரு பெண் எழுந்தார்.

"எங்ககிட்ட கார் இல்ல, ஏர்கோன் இல்ல. வெள்ளம் வந்தா மொதல்ல எங்க வீட்டுக்குள்ளதான் வருது. புகை விட்டது யாரோ, வீட்ட விட்டுப் போறது மட்டும் நாங்களா? இத அப்படியே சொல்லுங்க அக்கா."

அதிகாரி என் பக்கம் குனிந்து, "சுருக்கமாகச் சொல்லுங்கள், போதும்" என்றார். மீறினால் இனி என்னைக் கூப்பிடமாட்டார்கள் என்று தெரியும். ஒரு வார்த்தையும் விடாமல் சொன்னேன்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார்.

"முதலில் அந்த வீடுகளை வந்து பார்க்கிறேன். அதுவரை இந்த வரைபடம் முடிவானதல்ல."

அதைத் தமிழில் சொன்னேன். அந்தப் பெண் உட்காரவில்லை.

"எப்ப வருவாருன்னு கேளுங்க."

சனிக்கிழமை என்றார். வந்தார். வீடுகள் இடிபடாதபடி பாதையை வளைத்து வரையச் சொன்னார். என்னை மட்டும் பிறகு யாரும் அழைக்கவில்லை.